நூற்பாலை இரவு ஷிப்ட்: கேன்டீனில் எதை மாற்றச் சொல்லலாம்?

கேள்வி: ஸ்பின்னிங் மில், இரவு 12 முதல் காலை 8 வரை ஷிப்ட். 2 மணிக்கு கேன்டீனில் புரோட்டா, சால்னா. இடையிடையே சர்க்கரை போட்ட டீ. பலருக்கும் தொப்பையும் சுகரும் ஏறுகிறது. நிர்வாகத்திடம் என்ன கேட்பது?

பதில் 1: முதலில் சாப்பாட்டு நேரம். இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும்போது கணையம் இன்சுலினைக் குறைவாகத்தான் விடும். பகலில் தின்ற அதே புரோட்டா 2 மணிக்கு ரத்தச் சர்க்கரையை இன்னும் ஏற்றும். பெரிய சாப்பாட்டை வேலைக்கு வருமுன் முடிக்கட்டும். நடுவில் சுண்டல், அவித்த முட்டை, மோர் போதும். டீயை 3 மணியோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் காலைத் தூக்கம் கெடும்.

பதில் 2: சார், இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளவே கூடாது. ஓடும் மெஷின் பக்கத்தில் லோ சுகர் வந்து மயங்கினால் உயிருக்கே ஆபத்து. முதலுதவிப் பெட்டியில் குளுக்கோஸ் பொடி கட்டாயம்.

பதில் 3: வருடப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த 2-3 மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கேளுங்கள். விடிய விடிய டீ குடித்தவரிடம் 'வெறும் வயிறு' ரத்தம் எடுத்துப் பயனில்லை. எச்பிஏ1சி 5.7 சதவீதம் தொட்டால் கவனம், 6.5-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இது கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பளவுக்கு டேப் போதும்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 வரை.