புதுப்பிப்பு: மாங்காய்ப் படம் மங்கியது ஏன் என்று தெரிந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாந்தோப்பில் 50 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தில் காயின் முன்பக்கம் மட்டும் பளிச்சென்று இருக்க, காம்பும் பின்னால் தொங்கிய காய்களும் ஏன் கரைந்துபோயின, லென்ஸில் கோளாறா என்று. கோளாறு இல்லை. லென்ஸின் துவாரம் அகலத் திறந்திருக்கும் எஃப் 1.8-இல், ஒரு மீட்டர் தூரத்தில் என் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் கூர்மையாக விழுவது சுமார் 3 செ.மீ. ஆழம்தான், ஒரு மாங்காயின் பருமனே அதைவிட அதிகம். துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தேன், ஏறக்குறைய 13 செ.மீ. கிடைத்தது, காம்பில் வடிந்து காய்ந்திருந்த பால் கறை வரை தெரிந்தது.

ஒரு அண்ணன் "கொஞ்சம் பின்னால் போய் எடுத்துப் பார் தம்பி" என்று எழுதியிருந்தார். ரொம்ப நன்றி அண்ணா, எனக்கு அதுதான் பெரிய திறப்பு: தூரம் இரண்டு மடங்கானால் ஆழம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது, நானோ அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, மட்டுமே திருகிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒகேனக்கல் போனேன். பரிசலில் எதிரே துடுப்பு போடுகிறவரின் முகமும் வேண்டும், பின்னால் அருவியும் வேண்டும். அகலமாகக் காட்டும் 18 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸை 2 மீட்டரில் கையாலேயே நிறுத்திவிட்டேன். அப்படி வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மை. அவர் நெற்றி வியர்வையும் பாறையில் சிதறும் தண்ணீரும் ஒரே படத்தில் வந்தன!

வீடியோவுக்கு மட்டும் ஒன்று: வினாடிக்கு 25 ஃபிரேமில் ஷட்டர் 1/50 வினாடி என்றால் உச்சி வெயிலில் எஃப் 1.8-இல் படம் வெளுத்துப்போகிறது, பின்னணி மங்கலாக வேண்டுமானால் உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டே ஆக வேண்டும்.