புதுப்பிப்பு: நியூயார்க்கில் மண்டல விதிவிலக்கு யாருக்குக் கிடைக்கும்?

போன வாரம் எழுதிய இழையில், அக்கம்பக்கத்தார் எதிர்த்தால் மண்டல விதிவிலக்கு (ஒரு மனையில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதியிலிருந்து தரும் தளர்வு) கிடைக்காது என்று சொல்லியிருந்தேன். அது தவறு. நியூயார்க் நகர மண்டல விதிகளில் 72-21ஆம் பிரிவை வரிவரியாகப் படித்துவிட்டுத் திருத்துகிறேன்.

முடிவெடுப்பது மேயர் நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட வாரியம். பொது விசாரணையில் அக்கம்பக்கத்தார் பேசலாம், ஆனால் அங்கே தலை எண்ணுவதில்லை. ஐந்து நிபந்தனைகள் உண்டு, ஒன்று தவறினாலும் மனு தள்ளுபடி.

முதல் நிபந்தனையே கடினமானது. சிக்கல் மனையிலேயே இருக்க வேண்டும்: குறுகலான மனை, கோணல் வடிவம், மேடுபள்ளம் மாதிரி. குடும்பம் பெருத்துவிட்டது, கடன் இருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. இரண்டாவதாக, அந்தக் குறையால், விதிப்படி கட்டினால் நியாயமான வருமானம் வராது என்று கணக்கும் காட்ட வேண்டும். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு தேவையில்லை.

தெருவின் இயல்பு கெடக்கூடாது, சிக்கல் உரிமையாளர் தானே வரவழைத்ததாக இருக்கக்கூடாது என்பவை அடுத்த இரண்டு.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: சிரமம் தீரக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவையோ, அவ்வளவுதான் தளர்வு. இரண்டு அடி போதுமென்றால் ஐந்து அடி கேட்க முடியாது.

"கட்டுப்பாடு இருக்கிற மனையை வாங்கியவர் கேட்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்கலாம். மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், வாங்கியதை மட்டும் வைத்து அது தானே வரவழைத்த சிரமம் என்று தள்ள முடியாது.