உரை நெடுவரிசையில் மின், மேக்ஸ்: 1000 இருந்தும் 999 வருவது ஏன்?

கேள்வி

வணக்கம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ரசீது எண்களை உரை வகை நெடுவரிசையில் சேமித்து வருகிறேன். மேக்ஸ் (மிகப் பெரிய மதிப்பைத் தரும் சார்பு) மூலம் கடைசி எண்ணை எடுத்து, அதனுடன் ஒன்றைக் கூட்டி அடுத்த ரசீதைச் சேர்ப்பது வழக்கம். 1000 வரை ஒழுங்காகச் சேர்ந்தது. அதற்கு அடுத்த ரசீதில், அந்த எண் ஏற்கெனவே உள்ளது என்று பிழை வருகிறது. வினவலைத் தனியே ஓட்டிப் பார்த்தால், மேக்ஸ் இன்னும் 999 என்றே காட்டுகிறது. மிகச் சிறிய மதிப்பைத் தர வேண்டிய மின்னோ வெறுமையான விடையைத் தருகிறது. ஆனால் அது 'நல்' (மதிப்பே இல்லை என்னும் குறி) அல்ல. இரண்டுக்கும் காரணம் ஒன்றா?

முதல் பதில்

ஒன்றுதான். உரை நெடுவரிசையில் இவ்விரு சார்புகளும் எண்ணின் அளவைப் பார்ப்பதில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவது போல, இடமிருந்து வலமாக எழுத்து எழுத்தாக ஒப்பிடுகின்றன. 999, 1000 இரண்டையும் ஒப்பிடும்போது, முதல் இடத்திலேயே 9 பெரிது, 1 சிறிது என்று முடிவாகிவிடுவதால், பின்னால் எத்தனை இலக்கங்கள் உள்ளன என்பது பொருட்டாவதில்லை. அதே முறையில், ஓர் எழுத்தும் இல்லாத வெற்று உரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். 'நல்' மதிப்புகளை இரண்டு சார்புகளும் ஒதுக்கிவிடும். வெற்று உரையை ஒதுக்கா. (ஆரக்கிள் வெற்று உரையையே 'நல்' என்று கொள்வதால், அங்கு இது கண்ணில் படாது.)

தரவு வகையை மாற்றும் காஸ்ட் கொண்டு முழு எண்ணாக மாற்றுங்கள். ஆனால் அந்த மாற்றம் மேக்ஸின் அடைப்புக்குறிக்கு உள்ளே நிகழ வேண்டும். வெளியே வைத்தால், தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 999 எண் வகைக்கு மாறுமே தவிர, 1000 கிடைக்காது. வெற்று உரையைக் காஸ்ட் ஏற்காது என்பதால், முதலில் நல்இஃப் (இரண்டு மதிப்புகள் சமமானால் 'நல்' தரும் சார்பு) மூலம் அதை 'நல்' ஆக்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

நன்றி. நல்இஃப் சேர்த்த பிறகும் காஸ்ட் பிழை காட்டியது. தேடிப் பார்த்ததில், ஒரு பதிவில் ஒரேயோர் இடைவெளி மட்டும் இருந்தது. நல்இஃபுக்குள், ஓரங்களில் உள்ள இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் சேர்த்ததும் 1000 வந்துவிட்டது. இதே அட்டவணையில் தமிழ்ப் பெயர்களும் உள்ளன. அவற்றுக்கு மின் அகராதி வரிசைப்படி விடை தருமா?

இரண்டாம் பதில்

அது கொலேஷனை, அதாவது உரையை வரிசைப்படுத்தும் விதித்தொகுப்பைப் பொறுத்தது. 'சி' கொலேஷனில் யூனிகோடு எண்வரிசைதான் முடிவு செய்யும். அதில் புள்ளிக் குறியின் எண் உயிர்மெய் எழுத்துகளின் எண்களைவிடப் பெரியது. ஆகவே 'அகல்' முன்னும் 'அக்கா' பின்னும் வரும். நம் அகராதியிலோ மெய் முந்துவதால் 'அக்கா'தான் முதலில். ஆகவே தமிழுக்குரிய கொலேஷனை வினவலில் வெளிப்படையாகக் குறிப்பிட்டு, இத்தகைய இரண்டு சொற்களை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. காஸ்ட் சரியாக வேலை செய்தாலும், இருவர் ஒரே நேரத்தில் ரசீது போட்டால் இருவருக்கும் மேக்ஸ் 1000 என்றே கிடைக்கும். இருவரும் 1001-ஐச் சேர்க்க முயல, ஒருவருக்கு மீண்டும் அதே பிழைதான் வரும். நெடுவரிசையை எண் வகைக்கு மாற்றி, அடுத்த எண்ணை வழங்கும் பொறுப்பை சீக்வென்ஸிடம் (தரவுத்தளத்தின் எண் வழங்கியிடம்) விட்டுவிடுங்கள். பாதியில் கைவிடப்பட்ட பரிவர்த்தனையின் எண் அதில் திரும்பி வராது என்பதால், இடையில் எண் விடுபடக்கூடாது என்ற விதி உங்களுக்கு இருந்தால், கடைசி எண்ணைத் தனி அட்டவணையில் வைத்து, அந்தப் பதிவைப் பூட்டியே கூட்ட வேண்டியிருக்கும்.