1எஸ் ஆர்பிட்டல்: இரண்டு வரைபடங்களில் எதை நம்புவது?

சிப்புட் மாணவி:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கிறேன். ஐந்தாம் படிவம் வரை, எலெக்ட்ரான்கள் சுற்றுவதாக மலாயில் 'பெத்தாலா' என்று சொல்லிக்கொடுத்த வட்டங்களை வரைந்தே தேறினேன். சோடியம் என்றால் 2, 8, 1. இப்போது வட்டம் கிடையாது, எலெக்ட்ரான் எங்கே இருக்கலாம் என்று காட்டும் மேகம்தான், அதற்கு ஆர்பிட்டல் என்று பெயர் என்கிறார்கள். அதையும் ஏற்றுக்கொண்டேன். மூன்று நாளாக என்னைத் தூங்கவிடாதது வேறு. ஹைட்ரஜனின் மிகக் குறைந்த ஆற்றலுள்ள 1எஸ் ஆர்பிட்டலுக்குப் புத்தகத்தில் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்றில் கோடு அணுக்கருவில் உச்சத்தில் நின்று, விலக விலகச் சரிகிறது. மற்றதில் அணுக்கருவில் சுழியம், 0.053 நானோமீட்டரில் உச்சம். இரண்டையும் நிகழ்தகவு என்றே சொல்கிறார்கள். எது சரி? மனப்பாடம் செய்து எழுத எனக்கு மனமில்லை. அம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகளே, விடை அம்மா வேலை செய்யும் இடத்திலேயே கிடக்கிறது. குலையிலிருந்து உதிர்ந்த பழங்களைப் பார். மரத்தை ஒட்டி ஒரு சதுர அடியில் எண்ணினால்தான் நெருக்கம் அதிகம். அது முதல் படம். இப்போது மரத்தைச் சுற்றி ஓரடி அகல வளையங்களாகப் பிரித்து, வளையத்துக்கு ஒரு கூடை வை. ஒட்டிய வளையத்தில் நெருக்கம் உண்டு, இடம் குறைவு. தூரத்து வளையத்தில் இடம் உண்டு, பழம் இல்லை. இடையிலுள்ள ஒரு கூடைதான் நிறையும். அது இரண்டாம் படம். அணுவில் வளையத்துக்குப் பதிலாக வெங்காயத் தோல் போன்ற கோள ஓடுகள். ஓட்டின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு வளரும். அணுக்கருவில் ஆரமே சுழியம், ஆகவே அங்கே கூடையும் காலி.

இன்னொன்று. நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் 1913இல் ஹைட்ரஜன் எலெக்ட்ரானுக்குக் கணித்த வட்டத்தின் ஆரம் 0.0529 நானோமீட்டர். எலெக்ட்ரானை அலையாகக் கணக்கிடும் ஷ்ரோடிங்கரின் 1926ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் இரண்டாம் படத்தின் உச்சம் விழுவதும் அதே இடத்தில். எலெக்ட்ரானின் மிகக் குறைந்த ஆற்றலான அடிநிலை ஆற்றல் −13.6 எலெக்ட்ரான்வோல்ட் என்பதிலும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். போரின் கணக்கு இரண்டு எலெக்ட்ரான் கொண்ட ஹீலியத்துக்கு ஒத்துவரவில்லை. அதற்காக அவரைப் பொய்யர் வரிசையில் வைத்துவிடாதே.

இயற்பியல் மாணவன்:
ஐயா சொன்ன உவமை அருமை. தங்கைக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். பழம் விழுந்த பாதை ஒன்று உண்டு, நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். எலெக்ட்ரானுக்கு அப்படி ஒரு பாதையைக் கற்பனை செய்யக்கூடாது. இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1926இல் சொன்னது இவ்வளவுதான்: ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் விடையான அலைச்சார்பின் வர்க்கம், எலெக்ட்ரான் அளந்தால் எங்கே அகப்படும் என்பதன் வாய்ப்பைத் தரும். 1எஸ் நிலையில் கோண உந்தம், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவு, சுழியம். போரின் வட்டத்திலோ அது ஓர் அலகு. எலெக்ட்ரான் அங்கே சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

சிப்புட் மாணவி:
ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் போய் ஒரு மரத்தடியில் எண்ணினேன், ஐயா. மரத்தை ஒட்டிய வளையத்தில் 31, அடுத்ததில் 44, மூன்றாவதில் 17! அம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு, எதற்கு இது என்று இரண்டு முறை கேட்டார். மாலையில் 1எஸ்ஸின் நெருக்கத்தை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வகையிட்டு, சுழியத்துக்குச் சமன்படுத்தினேன். ஆரம் சரியாகப் போரின் ஆரத்துக்குச் சமமாக வந்தது. நான்கு வரிதான். கை நடுங்கிவிட்டது.

இப்போது அடுத்த ஆர்பிட்டலான 2எஸ்ஸில் சிக்கியிருக்கிறேன். அணுக்கருவிலிருந்து 0.106 நானோமீட்டரில் வாய்ப்பே சுழியம். அப்படியானால் உள்ளிருக்கும் எலெக்ட்ரான் அதைக் கடந்து வெளியே வருவது எப்படி?

இயற்பியல் மாணவன்:
'கடந்து' என்ற சொல்லில் பழைய பாதை ஒளிந்திருக்கிறது. துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி மறுமுனையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். இரண்டு வளைவுகள் எழும். நடுவில் ஒரு புள்ளி அசையாது. அலை அந்தப் புள்ளியைத் தாண்டிப் போகவில்லை. இரு பக்கமும் சேர்ந்ததுதான் அந்த அலை.