பொருள்: மருந்துமுறிப்பு, மருந்துப்பக்குவம்: இரண்டு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

மரபணு காரணமாக உடம்பு மருந்தை மெதுவாக மாற்றுகிறவரை ஆங்கிலத்தில் 'poor metabolizer' என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஐயா நேற்று முன்வைத்த 'மந்த வளர்சிதைமாற்றர்' பற்றி. வளர்சிதைமாற்றம் (metabolism) பாடநூலில் நிலைத்துவிட்ட சொல். உடலின் மொத்த வேதிவினைக்கு அது இருக்கட்டும். மருந்துக்கு அது ஆகாது என்பது என் எண்ணம். 'மருந்துச் செரிமானம்' என்றாலோ எல்லோரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

வண்ணாரப்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதய வால்வு மாற்றிக்கொண்ட காசிமேட்டு அக்கா ஒருவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை வாங்க வருவார். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு எழுதிய நோட்டில் மீன் ஈரம் படாமல் பால் கவருக்குள் சுருட்டி வைத்திருப்பார். அவருக்கு நாளுக்கு 1 மில்லிகிராமே போதும். அதே மாத்திரை வாங்கும் ஹார்பர் தொழிலாளி ஒருவருக்கு 4 மில்லிகிராம். "எனக்கு மட்டும் ஏன் தம்பி இவ்ளோ கம்மி?" என்று அக்கா கேட்டார். வயது, சாப்பாடு, கூடச் சாப்பிடும் மருந்து எல்லாம் காரணமாகலாம். மரபணுவும் ஒரு காரணம். "சிலர் உடம்பு மருந்தை மெதுவாத்தான் முறிக்கும்க்கா" என்றேன். "அகத்திக்கீரை மருந்த முறிக்கும்னு சொல்வாங்களே, அந்த முறிக்கிறதா?" என்றார். கீரை வேறு, கல்லீரல் நொதி வேறு. ஆனால் சொல் அவர் வாயிலேயே இருந்தது. கல்லீரலின் சிஒய்பி2சி9 (CYP2C9) நொதி மந்தமாக இருந்தால் அசிட்ரோம், அதே வகை மருந்தான வார்ஃபரின் இரண்டும் சீக்கிரம் முறியாமல் உடம்பில் தங்கும்; ரத்தம் கசியும் அபாயம் கூடும்.

சரி, எல்லாவற்றுக்கும் 'முறிப்பு' போடலாமா? முடியாது. இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் குளோபிடோக்ரல், விழுங்கும்போது வேலை செய்யாத மருந்து. கல்லீரலில் சிஒய்பி2சி19 (CYP2C19) நொதி அதை மாற்றிய பிறகுதான் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும். இந்த நொதி மந்தமானவருக்கு ஸ்டென்டில் அடைப்பு வரும் அபாயம் கூடும். 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை மருந்தின் குறிப்புத்தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே சேர்க்க வைத்தது. அசிட்ரோமில் மந்தம் என்றால் கசிவு, குளோபிடோக்ரலில் மந்தம் என்றால் அடைப்பு. இரண்டு பேர் சீட்டிலும் ஒரே சொல்லை எழுதினால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்?

ஆகவே செயலிழக்கச் செய்வது மருந்துமுறிப்பு. செயல்படச் செய்வது மருந்துப்பக்குவம். ஆளைக் குறிக்க 'மெல்முறிப்பு உடல்வாகு', 'குறைபக்குவ உடல்வாகு'. உடல்வாகு எல்லோரும் புழங்கும் சொல். நோயாளி மேல் குற்றம்போல ஒட்டாது.

அசிட்ரோம் அளவோடு சேர்த்துப் பேசப்படும் விகேஓஆர்சி1 (VKORC1) மரபணுவை இதில் சேர்க்க வேண்டாம். அது தரும் நொதி மருந்தை முறிப்பதில்லை, மருந்து போய்த் தாக்கும் இலக்கே அதுதான். அந்த வேறுபாட்டுக்கு 'மருந்துணர்திறன்' போதும்.

ஒரே தயக்கம்: நஞ்சுமுறிப்பு என்ற வழக்கு இருப்பதால், 'மருந்துமுறிப்பு' என்றதும் வைட்டமின் கே போன்ற எதிர்மருந்து நினைவுக்கு வருமோ? சித்த மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.