விட்டுப்போன வாசிப்பை மீட்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு நாவலின் 112-ஆம் பக்கத்தில் பேருந்துச் சீட்டைச் செருகி வைத்து இரண்டு மாதமாகிறது. இரவில் வேலையெல்லாம் முடித்துப் புத்தகத்தை எடுத்தால் ஒரே பத்தியை மூன்று முறை படிக்கிறேன், அப்புறம் கண் சொக்கிவிடுகிறது. மறுநாள் கதாபாத்திரங்களின் பெயர்கூட நினைவில் இருப்பதில்லை.

நாளுக்கு 10 பக்கம் படித்தாலே 300 பக்க நாவல் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அந்த 10 பக்கத்துக்கான நேரம்தான் பிடிபடவில்லை. காலையில் அரைமணி முன்னதாக எழுந்து பார்த்தேன். நான்கு நாள் நன்றாகப் போனது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் நின்றுவிட்டது. கைப்பேசியில் படிப்பது எனக்குச் சரிவரவில்லை.

வேலை, வீடு, பிள்ளைகளுக்கு நடுவிலும் விடாமல் வாசிப்பவர்களே, நீங்கள் எந்த நேரத்தில் வாசிக்கிறீர்கள்? பாதியில் நின்ற புத்தகத்தை முதலிலிருந்து தொடங்குவீர்களா, விட்ட இடத்திலிருந்தா? வாசிக்காத நாட்கள் எனக்கு உண்மையிலேயே வெறுமையாக இருக்கின்றன.