மோட்டாரும் கன்வர்ட்டரும் இரண்டு தனிப் பாடங்களாகவே தெரிகின்றன. எப்படிச் சேர்த்துப் படிப்பது?

மூன்றாமாண்டு_மின்னியல்:
இந்த செமஸ்டரில் மின் இயந்திரங்களும் பவர் எலக்ட்ரானிக்ஸும் ஒன்றாக வந்திருக்கின்றன. டிசி வோல்ட்டேஜைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் கணக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் டிசியை ஏசியாக மாற்றும் இன்வர்ட்டரில் ஓடும் இன்டக்‌ஷன் மோட்டாருக்கு அதிர்வெண்ணைக் குறைத்தால் வோல்ட்டேஜையும் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டால் விழிக்கிறேன். அப்புறம், மோட்டாரின் சமான சுற்றில் ரோட்டர் (சுழலும் பகுதி) மின்தடையை ஸ்லிப்பால், அதாவது சுழலும் காந்தப் புலத்தைவிட ரோட்டர் பின்தங்கும் விகிதத்தால், வகுக்கிறார்களே, அது எதற்கு?

செப்புச்சுருள்:
பக் கணக்கு வருகிறதா? அப்படியானால் முதல் கேள்விக்கான பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. 24 வோல்ட்டிலிருந்து 12 எடுக்க டியூட்டி (சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு) 0.5 என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஒரு சுழற்சியில் இன்டக்டர் மேல் விழும் வோல்ட்-விநாடிகளை (வோல்ட்டேஜ் × நேரம்) கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்றுதானே? மோட்டாரிலும் அதே வோல்ட்-விநாடியைத் தேடுங்கள்.

சுருளுக்கு ஒரே திசையில் வோல்ட்டேஜ் கொடுத்தால் ஃபிளக்ஸ் (காந்தப் பாயம்) ஏறிக்கொண்டே போகும், திசை மாறினால்தான் இறங்கும். 50 ஹெர்ட்ஸில் அரைச் சுழற்சி 10 மில்லிவிநாடி. 25 ஹெர்ட்ஸில் 20. வோல்ட்டேஜைத் தொடாமல் விட்டால் ஃபிளக்ஸ் இரு மடங்காகப் பார்க்கும். இரும்பு விடுமா? பாதி வழியிலேயே சாச்சுரேட் ஆகி (அதற்கு மேல் ஃபிளக்ஸை ஏற்க முடியாமல்), காந்தமூட்டும் மின்னோட்டம் கண்டபடி எகிறும். அதனால்தான் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 25 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 200 வோல்ட். 5 ஹெர்ட்ஸுக்குப் போனால் இந்தக் கணக்கு 40 வோல்ட் என்னும். ஆனால் அதில் கணிசமான பங்கை ஸ்டேட்டர் (அசையாத சுருள்) மின்தடையே தின்றுவிடும். மோட்டாரை ஓட்டும் இன்வர்ட்டர் டிரைவ்களில் 'பூஸ்ட்' என்று ஒரு செட்டிங் இருப்பது அதை ஈடுகட்டத்தான்.

ஸ்லிப் கேள்விக்கு எண்களை வைத்துப் பாருங்கள். 4 துருவ மோட்டார், சுழலும் புலம் 1500 ஆர்பிஎம், ரோட்டர் 1440. ஸ்லிப் 0.04. ரோட்டருக்குள் ஓடுவது 2 ஹெர்ட்ஸ், ஸ்டேட்டரில் 50. இரண்டையும் ஒரே சுற்றில் வரைய, ரோட்டர் சமன்பாடு முழுவதையும் ஸ்லிப்பால் வகுக்கிறோம். மின்தடை 25 மடங்காகிறது. அதில் ஒரு மடங்குதான் உண்மையான வெப்பம், மீதி 24 மடங்கு இயந்திர சக்தி. படத்தில் மின்தடையாக நிற்பது உண்மையில் ஷாஃப்ட்டில் இருக்கும் சுமை! பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஆய்வகவாசி:
ஆஸிலாஸ்கோப்பிலும் பாருங்கள். இன்வர்ட்டர் தருவது வெறும் துடிப்புகள், மின்னோட்டமோ ஏறக்குறைய சைன். வடிகட்டுவது மோட்டாரின் சொந்த இன்டக்டன்ஸ்தான். டிஃபரென்ஷியல் புரோப் (இரு புள்ளிகளுக்கு இடையிலான வோல்ட்டேஜை மட்டும் அளப்பது) இல்லாமல் கை வைக்க வேண்டாம். 400 வோல்ட் மூன்று ஃபேஸ் என்றால் இன்வர்ட்டருக்கு உள்ளே இருக்கும் டிசி லிங்க்கில் 565 வோல்ட் வரை நிற்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கெப்பாசிட்டரில் இருக்கும்.

மூன்றாமாண்டு_மின்னியல்:
நன்றி சார். 50 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால்?

செப்புச்சுருள்:
இன்வர்ட்டரிடம் அதற்கு மேல் கொடுக்க வோல்ட்டேஜ் இல்லை. அரைச் சுழற்சி சுருங்கும், ஃபிளக்ஸ் குறையும், அதோடு டார்க்கும் குறையும். அடுத்து வரும் ஃபீல்டு வீக்கனிங் பாடம் இதுதான்.